வாசலில் விழும் ஓசிப் பேப்பர்: 'வேண்டாம்' என்றால் நிறுத்த முடியுமா?

இரவெல்லாம் மழை. காலையில் பார்த்தால் போர்ட்டிகோவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. குழாய் வாயில் கையை விட்டால், கூழாகிப்போன காகிதம் வருகிறது. யாரும் கேட்காமல், கேட்டுக்கு மேலே வீசிவிட்டுப் போன இலவச விளம்பரப் பேப்பர் அது.

"ஓசியில வர்றதுதானே, தூக்கிப் போட்டா போச்சு" என்று சொல்லிவிடலாம். ஆனால் தீபாவளி விளம்பரம் குவிவதும் வடகிழக்குப் பருவமழை பெய்வதும் ஒரே நேரத்தில்தான். நனைந்த பேப்பரின் மை டைல்ஸில் கறையாகிறது. வெளியூர் போன வீட்டின் வாசலில் நாலு பேப்பர் சேர்ந்தால், "இங்கே ஆள் இல்லை" என்று திருடனுக்குத் தகவல் போன மாதிரிதான்.

தடுக்கச் சட்டம் இருக்கிறதா?

போனில் வரும் விளம்பர அழைப்பை நிறுத்த 1909 இருக்கிறது. வாசலுக்கு அப்படி ஒரு எண் இல்லை. நுகர்வோர் நீதிமன்றமும் கைகொடுக்காது. 2019-ம் ஆண்டு சட்டப்படி, விலை கொடுத்து வாங்குபவர்தான் நுகர்வோர். ஓசிப் பேப்பருக்கு நீங்கள் காசே கொடுக்கவில்லையே!

ஆனால் பொருளுக்குச் சேதம் வந்தால் கதை வேறு. இழப்பீடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். பாரதிய நியாய சம்ஹிதாவின் 324-வது பிரிவும் (சொத்துக்குச் சேதம் விளைவித்தல்) இருக்கிறது. ஆனால் வேண்டுமென்றோ, சேதம் வரும் என்று தெரிந்தோ செய்திருந்தால்தான் அது பொருந்தும். அதனால்தான் "போடாதீர்கள்" என்று முதலில் எழுத்தில் சொல்வது முக்கியம். அதன் பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று கைவிரிப்பது கடினம்.

கடை ஆந்திராவில் இருந்தால்?

திருத்தணி மாதிரி எல்லை ஊரில் இந்தக் கேள்வி எழும். விளம்பரம் கொடுத்த கடை நகரியிலோ புத்தூரிலோ இருக்கலாம். அதற்காக அங்கே அலைய வேண்டியதில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, பொருளுக்குச் சேதம் நடந்த இடத்திலேயே வழக்குப் போடலாம்.

வெளிநாட்டில் எப்படி?

ஜெர்மனியில் 'விளம்பரம் வேண்டாம்' என்று தபால் பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டினால் அதை மதிக்க வேண்டும் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் 2018 முதல் இது தலைகீழ்: 'வேண்டும்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுக்கு மட்டும்தான் விளம்பரத் தாள்.

அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரம் இலவசப் பேப்பரைத் தடை செய்யவில்லை. கதவருகே வையுங்கள், வண்டிப்பாதையில் வீசாதீர்கள் என்று மட்டும் விதி போட்டது. கருத்துரிமை பறிபோகிறது என்று நாளிதழ் நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது. அந்த விதிக்குக் கீழ் நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடையை 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. பேப்பர் போடும் உரிமை வேறு, கண்ட இடத்தில் வீசுவது வேறு. நம் நகராட்சிகளும் யோசிக்க வேண்டிய வித்தியாசம் இது.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

• சுத்தம் செய்வதற்கு முன் போட்டோ எடுங்கள். ரிப்பேர் பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

• 'இலவசப் பேப்பர், நோட்டீஸ் போட வேண்டாம்' என்று கேட்டில் எழுதி ஒட்டுங்கள். எல்லை ஊர் என்றால் தெலுங்கிலும்.

• வெளியிடுபவரின் முகவரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும். அவருக்கு வாட்ஸ்அப்பிலோ ஸ்பீட் போஸ்டிலோ தெரிவியுங்கள்.

• பெரிய விளம்பரம் கொடுத்த கடைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பணம் கொடுப்பவர் கேட்டால் பேச்சு எடுபடும்.

• காசு கொடுத்து வாங்கும் நாளிதழுக்குள் நோட்டீஸ் வந்தால் ஏஜென்டிடம் சொல்லுங்கள்.

• வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லி, விழும் பேப்பரை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

விடியற்காலையில் சைக்கிளில் வரும் பையனிடம் மட்டும் சண்டைக்குப் போக வேண்டாம். கட்டை முடிப்பது அவர் வேலை. எந்த வீட்டுக்குப் போட வேண்டும் என்று முடிவு செய்பவர் வேறு ஒருவர்.