கவனம் மட்டும் காப்பாற்றாது



"கதிர்வீச்சு இருக்கும் இடத்தில் வேலை செய்பவர்கள் கவனமாக இருந்தால் ஒன்றும் ஆகாது சார்" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

2003 ஜனவரி 21. நமக்குப் பக்கத்தில் இருக்கும் கல்பாக்கம், அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலை. கதிரியக்கம் குறைந்த கழிவு என்று நினைத்து ஊழியர்கள் ஒரு தொட்டியிலிருந்து மாதிரி எடுத்தார்கள். வால்வு பழுதாகி, கதிரியக்கம் மிகுந்த கழிவு அதில் கலந்திருந்தது. அதை எச்சரிக்க அந்த இடத்தில் கதிர்வீச்சு அளக்கும் கருவியே இல்லை. வால்வு கெட்டதைக் காட்டவும் ஏற்பாடு இல்லை. ஆறு பேர் ஆண்டு வரம்பைவிடப் பல மடங்கு கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். நம் நாட்டில் அந்த வரம்பு எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்.

பிறகு என்ன சொன்னார்கள் தெரியுமா? ஊழியர்களின் ஆர்வக்கோளாறாம். பேட்ஜ் அணியவில்லையாம். சட்டையில் குத்தும் அந்த டிஎல்டி பேட்ஜ், எவ்வளவு வாங்கினோம் என்பதைப் பின்னால் சொல்வது. அது மார்க் ஷீட், அபாய மணி அல்ல! முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று கேட்ட தொழிற்சங்கம் கடைசியில் வேலைநிறுத்தம் வரை போக வேண்டியிருந்தது.

நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவில் தடுப்பு வை. பாதுகாப்பு இந்த மூன்றுதான். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு நாலில் ஒரு பங்காகிவிடும். ஆனால் தூரத்தையும் சுவரையும் ஊழியரா தீர்மானிக்கிறார்? பிளான் போடுபவரும் பணம் ஒதுக்குபவரும்தான். கருவி வைக்காமல் கட்டிவிட்டு, உள்ளே போகிறவனைப் பார்த்து "கவனம்" என்பது கைகழுவும் பேச்சு.

கல்பாக்கம் நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் எங்கும் ஸ்கேன் சென்டர்கள். எக்ஸ்ரே எடுக்கும் பிள்ளை தினமும் அங்கேதான் நிற்கிறது. நோயாளிக்கு ஒரு படம், அந்தப் பிள்ளைக்கு ஆயிரக்கணக்கில். சுவர் கனம், ஈயத்தகடு பதித்த கதவு, இயக்குபவர் நிற்கத் தடுப்பு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் எல்லாம் அந்தப் பிள்ளைக்காகவும்தான்.

உங்களில் இன்ஜினியர்கள் இருக்கிறீர்கள், சென்டர் நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். செலவைக் குறைக்க ஒரு சுவரை மெலிதாக்கச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளே, பேட்ஜ் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், விவாதிப்போம்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
மேற்குத் தாம்பரம்