தேதி இருக்கு... வாசனை?

"டாக்டரய்யா, தேதி இன்னும் முடியலையே!" என்று நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினார் ஓர் அம்மா. முகர்ந்தேன். சிக்கு வாடை! "எப்போ பிரிச்சீங்க?" "பத்து நாளாச்சு."

எண்ணெய்ப் பண்டத்தைக் கெடுப்பது காற்றிலுள்ள ஆக்ஸிஜன். சூடும் வெளிச்சமும் அதற்குத் துணை. இதைத் தடுக்க, உறையின் பிளாஸ்டிக் தாளிலேயே வைட்டமின் ஈ, கிரீன் டீ சாறு போன்ற ஆன்டி ஆக்ஸிடன்ட்டுகளைச் சேர்க்கும் முறை வந்திருக்கிறது. நெய் உருக்கும்போது பாட்டி முருங்கையிலை போட்டாளே, ஏறக்குறைய அதே யோசனைதான்! நல்ல விஷயம், வரவேற்கிறேன்.

ஆனால், உறை கேட்டைத் தள்ளிப்போடும், கெட்டதை நல்லதாக்காது. பழைய எண்ணெயில் பொரித்தது எந்த உறையிலும் பழசுதான். பாக்கெட்டில் உள்ள தேதியும் பிரிக்காத வரைக்கும்தான்.

சித்த மருத்துவத்தில் குடிநீருக்கு 3 மணி நேரம், சூரணத்துக்கு 3 மாதம் என்று ஆயுள் சொல்லியிருக்கிறார்கள். அதுபோல 'பிரித்த பின் எத்தனை நாள்' என்பதையும் கம்பெனிகள் பெரிசா அச்சடிக்கணும். அதுவரை, பிரித்த தேதியை நீங்களே டப்பாவில் எழுதி வையுங்க. சிக்கு வாடை வந்தால், காசைப் பார்க்காமல் தூக்கிப் போடுங்க. குழந்தை வயிறு குப்பைத்தொட்டி அல்ல!