எங்கிருந்து வந்த கோப்பு?

குருநாகல் – தம்புள்ளை வீதியில் உள்ள கலேவெலயில் ஒருவர் போனைத் திருத்தக் கொடுக்கும்போது தன் வங்கிக் கணக்கையும் அடையாள அட்டைப் படத்தையும் சேர்த்தேதான் கொடுக்கிறார். "சொப்ட்வெயார் அடிக்கணும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அடிக்கப்போகும் ஃபேர்ம்வெயார், அதாவது போனை இயக்கும் அடிப்படை மென்பொருள், எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்பதில்லை; கடைக்காரரும் சொல்வதில்லை. டெலிகிராமில் யாரோ ஏற்றிய ஸிப் கோப்பாக இருந்தாலும் வேலை நடந்துவிடுகிறது. கலேவெலக்கு மட்டுமா, நாட்டுக்கே உரிய அலட்சியம் இது. வன்மையாகக் கண்டிக்கிறோம்.

போனுக்குள் தயாரிப்பாளரின் கையொப்பத்தைச் சோதிக்கும் காவல் இருக்கிறதே என்பார்கள். போனைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறந்துவிட்ட போனில் அந்தக் காவல் ஏது? மலிவு ரவுட்டர், சிசிடிவி பெட்டி பலவற்றில் அது தொடக்கத்திலிருந்தே இல்லை.

கடைக்காரரை மட்டும் ஏசிப் பயனில்லை. பொருளை விற்றுவிட்டு, அதற்குரிய கோப்பை முறையாகத் தராத நிறுவனங்களும் இறக்குமதியாளர்களுமே முதல் குற்றவாளிகள். தருபவர்களிலும் சிலர் ஹாஷ் எனும் சரிபார்ப்பு இலக்கத்தை அதே பக்கத்தில் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்கிறார்கள். 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இணையத்தளத்துக்குள் புகுந்தவர்கள் பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு வைத்த கோப்புக்குத் திருப்பினார்கள். பக்கத்திலிருந்த சரிபார்ப்பு இலக்கத்தையும் மாற்றினார்கள். ஒப்பிட்டுப் பார்த்தவருக்கும் எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். டிஜிட்டல் கையொப்பம் வேண்டும் என்பது இதனால்தான்.

கையொப்பமும் தோற்றதுண்டு. 2018இல் ஏசுஸ் கணினி நிறுவனத்தின் சொந்தக் கையொப்பச் சான்றிதழோடே நச்சுப் புதுப்பிப்பு அதன் பாவனையாளர்களுக்குப் போனது. அடுத்த ஆண்டுதான் அம்பலமானது. அதற்காக? பூட்டை உடைக்கும் கள்வன் உண்டென்று யாரும் வாசலைத் திறந்துபோட்டு உறங்குவதில்லை.

ஹாஷைச் சோதிப்பதற்குச் செலவும் இல்லை. விண்டோஸ் கணினியிலேயே சேர்ட்யூட்டில் என்ற ஆணை இருக்கிறது. கோப்பின் பெயரோடு ஷா-256 என்ற முறையையும் குறிப்பிட்டால் 64 எழுத்திலக்கங்கள் வரும். தயாரிப்பாளர் தந்ததோடு ஓரெழுத்து மாறினாலும் அந்தக் கோப்பைத் தொடக்கூடாது.

விற்பனைக்கு அனுமதி வழங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, கையொப்பமிட்ட ஃபேர்ம்வெயாரைப் பகிரங்கமாக வெளியிடுவதை அந்த அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும். கணினிப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் நிறுவனம் திருத்துநர்களுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் ஒருபக்க வழிகாட்டியாவது தரவேண்டும். அதுவரை வாசகர்களே, போனைக் கொடுக்கும் முன் கோப்பு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.