லாரிக்கு ஒரு நீதி, ஆலைக்கு ஒரு நீதியா?

பழவேற்காட்டு மீனைப் பொன்னேரி வழியே பட்டணம் சேர்க்கும் பழைய லாரி. என்ஜின் பழுதாகிவிட்டது. கடன் வாங்கி மாற்று என்ஜின் பூட்டுகிறான் உழைப்பாளி. உடனே எதிரே நிற்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு! உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறான என்ஜின் கூடாது. மாற்றிய 14 நாளில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். புகைச் சோதனையில் தவறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை!

இந்தச் சட்டம் வேண்டாம் என்கிறோமா? இல்லை தோழர்களே! கரும்புகையை முதலில் விழுங்குவது ஓட்டுநரின் நெஞ்சுதான். விதியை மதிப்போம், என்ஜின் வாங்கிய ரசீதையும் பத்திரப்படுத்துவோம்.

ஆனால், இதே வட்டாரத்தில் வல்லூரிலும் அத்திப்பட்டிலும் வானை முட்டி நிற்கின்றனவே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்! நாடெங்கும் இத்தகைய நிலையங்களுக்குப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது 2015 டிசம்பரில். தந்த கெடு 2 ஆண்டு. பிறகோ தவணைமேல் தவணை! 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகப் புகை நீக்கும் கருவியிலிருந்தே விலக்கு. பெருநகரங்களை ஒட்டியவற்றுக்கு 2027 கடைசி வரை அவகாசம்.

லாரிக்காரனுக்கு 14 நாள். ஆலைக்கு 12 ஆண்டா? ஏழையிடம் காட்டும் கண்டிப்பை எங்கள் வானை மறைக்கும் புகையிடமும் காட்டுங்கள், ஆள்வோரே!