தோலும் கொட்டையும் யாருக்குச் சொந்தம்?

விடியும் முன்னே எழுந்து குப்பம் ரயில் நிலையத்துக்கு ஓடி, பெங்களூர் வண்டியில் நின்றுகொண்டே போய், கட்டடத்திலும் கம்பெனியிலும் உழைத்து, இருட்டியபின் ராமகுப்பம் திரும்புகிறவர்கள் நாம். நம்மில் பலர் திரும்புவதும் இல்லை. பெங்களூரில் ஒற்றை அறையில் ஒண்டிக்கொண்டு மாதம் ஒருமுறை ஊரைப் பார்க்கிறோம். ஊரில் இருப்பவர்கள் வயதான தாய் தகப்பனும், இரண்டு கறவை மாட்டைக் கட்டி இழுத்துக்கொண்டிருக்கும் நம் பெண்களும்தான். அந்த வீட்டு வாசலில் கிடக்கும் சாணக் குவியலில் என்ன அரசியல் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது என்கிறோம் நாம்.

2025 ஜூனை மறந்துவிட்டோமா? தோத்தாபுரி மாங்காயைக் கேட்பாரில்லை. ஜூஸ் பேக்டரி வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசை கட்டி நின்றன. கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கும், அதில் 8 ரூபாயை ஆலை தரும், 4 ரூபாயை அரசு தரும் என்று அறிவித்தார்கள். அந்த 8 ரூபாய் கைக்கு வரவில்லை என்று விவசாயிகள் குமுறினார்கள். விலை கிடைக்காத பழம் சாலையோரம் கொட்டப்பட்டது. ஜூன் 7 அன்று, வெளிமாநிலத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவு வந்தது. கர்நாடக முதலமைச்சர் எதிர்ப்புக் கடிதம் எழுதினார். ஸ்ரீனிவாசபுர விவசாயியும் சித்தூர் விவசாயியும் எதிரிகளாக நிறுத்தப்பட்டார்கள். யாருடைய விலை யாரால் விழுந்தது என்ற கேள்வியோ எல்லைச் சாவடியில் புதைக்கப்பட்டது.

விலை போன பழத்தின் கதையையும் பார்ப்போம். ஆலைக்குள் போகும் மாம்பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தோலும் கொட்டையுமாக வெளியே வருகிறது. சீசன் கூலிக்குப் போகும் நம் பெண்களுக்கு அந்தப் புளித்த நாற்றம் தெரியும். குவித்துப் போட்டால் அது அழுகி மீத்தேன் வாயுவைக் காற்றில் விடுகிறது. நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது. அதே தோலைக் காற்றுப் புகாத தொட்டியில் சாணத்தோடு கலந்து ஊறவிட்டால் அதே மீத்தேன் அடுப்பில் எரியும், எஞ்சினை ஓட்டும். தொட்டியில் மிஞ்சும் கரைசல் வயலுக்கு உரமாகும்.

இது புதுமை ஒன்றுமில்லை. 1897லேயே பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லத்தின் மலக்கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கு எரித்தார்கள். 1970களில் சீனத்துக் கிராமங்களில் லட்சக்கணக்கான தொட்டிகள் எழுந்தன. இந்திய அரசின் சாண எரிவாயுத் திட்டம் 1981-82இல் தொடங்கியது.

"மாம்பழம் இரண்டு மாதச் சரக்கு. மற்ற பத்து மாதம் தொட்டிக்கு என்ன போடுவீர்கள்?" என்று மடக்குவார்கள். பதில் மைசூரிலேயே இருக்கிறது. அங்குள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், மாட்டுத் தீவனத்தைக் காற்றுப் புகாமல் அடைத்துப் பதப்படுத்துவதுபோல மாம்பழத் தோலையும் பதப்படுத்தி வைத்து வாயு எடுக்கும் முறையை 1990களிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். ஈரத் தோலை நெடுந்தூரம் லாரியில் கொண்டுபோனால் டீசல் செலவே வாயுவைத் தின்றுவிடும் என்பதும் உண்மை. ஆகவே ஆலையை ஒட்டிய ஊர்களில் தோல் தொட்டி. ராமகுப்பம்போல் மாடு உள்ள ஊர்களில் சாணத் தொட்டி. விலை விழும்போது நாம் கொட்டும் தக்காளியும் அதில் சேரட்டும்.

வழி தெரிகிறது. தொட்டி யாருடையது என்பதுதான் சண்டை.

2024 நவம்பரில் ஆந்திர அரசு ரிலையன்ஸோடு ஒப்பந்தம் போட்டது: 500 வாயு ஆலைகள், 65,000 கோடி ரூபாய் முதலீடு. அதாவது ஆலைக்கு 130 கோடி. 2025 ஏப்ரல் 2 அன்று பிரகாசம் மாவட்டம் திவாகரபள்ளியில் முதல் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். தரிசில் நேப்பியர் புல் வளர்த்து ஆலைக்குப் போடுவது திட்டம். தரிசு என்று காகிதத்தில் எழுதப்படும் நிலத்தில்தான் நம் ஆடும் மாடும் மேய்கின்றன என்பதை அந்தக் காகிதம் சொல்லாது. மத்திய அரசும் 2018இல் இப்படித்தான், 2023-24க்குள் 5,000 ஆலைகள் என்று முழங்கியது. அதில் ஒரு சிறு பகுதியே எழுந்தது. பெரிய எண்ணைச் சொல்லிவிட்டுச் சின்ன மனிதனை மறப்பது ஆட்சியாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

கம்பெனியே வரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. நம் சாணத்தையும் நம் தரிசையும் கொண்டுபோய் வாயுவாக்கி, சிலிண்டரில் அடைத்து நமக்கே விற்பதற்குப் பெயர் கிராம முன்னேற்றமா என்றுதான் கேட்கிறோம்.

"கிராமத்தானால் நடத்த முடியாது" என்பார்கள். நாம் கூலிக்குப் போகும் பெங்களூரின் பக்கத்திலேயே, தும்கூர் மாவட்டத்தில் புரா என்ற சிற்றூர் இருக்கிறது. பேராசிரியர் அமுல்யா ரெட்டியும் இந்திய அறிவியல் நிறுவனத் தோழர்களும் அங்கே முதலில் சமையல் வாயு தர முயன்றார்கள், சாணம் போதவில்லை. துவண்டுவிடவில்லை. 1987 முதல் அதே வாயுவால் எஞ்சினை ஓட்டி, வீடுகளுக்கு விளக்கும் குடிநீரும் கொடுத்தார்கள். சாணம் கொண்டுவந்தவருக்குக் கூலி கிடைத்தது. கரைசல் உரமாகத் திரும்பியது. பிற்பாடு அது நின்றுபோனது, மறைக்கவில்லை. கவனிப்பாரில்லாவிட்டால் ரேஷன் கடைகூட மூடிப்போகும். அதனால் ரேஷன் கடையே வேண்டாம் என்போமா?

பாகேப்பள்ளியைப் பாருங்கள். பழைய கோலார் மாவட்டத்துக் கூலிக்காரர்களின் சங்கம், 5,500 குடும்பங்களுக்குச் சாண எரிவாயுத் தொட்டி கட்டும் திட்டத்தை ஐக்கிய நாடுகள் அமைப்பில் 2005இல் பதிவு செய்தது. விறகுப் புகையைக் குறைத்ததற்காகப் பணக்கார நாடுகள் தரும் பணத்தைக் கொண்டு கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எரியவைத்தது. அவர்களும் நம்மைப்போல் கைநாட்டும் கடனுமாக இருந்தவர்கள்தான். அவர்களிடம் சங்கம் இருந்தது.

நமக்கு ஏன் சங்கம் வேண்டும்? கணக்கைப் பாருங்கள். 2 கன மீட்டர் தொட்டிக்குத் தினம் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். நாலைந்து மாடு வேண்டும். அது சரியாக ஓடினால் மாதம் இரண்டு சிலிண்டர் அளவுக்கு வாயு கிடைக்கும். நம்மிடம் இருப்பதோ இரண்டு மாடு. மாடே இல்லாத கூலிக்காரர் கதி என்ன? சாணத்துக்கு விலை வந்துவிட்டால், இன்று அவர் சும்மா பொறுக்கும் வறட்டியும் கைவிட்டுப் போகும். தனித்தனித் தொட்டி மாடு நிறைந்த வீட்டுக்கே உதவும். நாலு வீடு சேர்ந்தால்தான் நமக்கு அடுப்பு எரியும். இல்லாவிட்டால் நம் பெண்கள் யானை நடமாடும் காட்டில் விறகு பொறுக்குவது தொடரும்.

ஆகவே நம் கோரிக்கைகள்:

ஆலை தன் தோலையும் கொட்டையையும் பக்கத்து ஊர்ப் பொதுத் தொட்டிக்குத் தன் செலவில் சேர்க்கவேண்டும்.

கிராம சபை சம்மதமின்றி மேய்ச்சல் தரிசைப் புல்லுக்குக் குத்தகை விடக்கூடாது.

மாடில்லாதவருக்கும் வாயுவில் பங்கும், தொட்டி வேலையில் கூலியும் வேண்டும். சாணம் கரைக்கும் பெண்ணின் உழைப்பை வீட்டுவேலை என்று தள்ளிவிடக் கூடாது.

எந்தத் தொட்டிக்குள்ளும் ஆள் இறங்கக்கூடாது. விஷவாயுவில் மூச்சடைத்துச் செத்தவர்கள் எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள் என்பது நமக்குத் தெரியும்.

ஒப்பந்தமும் அறிவிப்பும் தெலுங்கோடு தமிழிலும் வேண்டும். புரியாத காகிதத்தில் கைநாட்டு வைக்கமாட்டோம்.

தெலுங்கு பேசும் அண்டை வீட்டார் இதில் நமக்கு அண்ணன் தம்பிகள். அவர்கள் மாடும் சாணம்தான் போடுகிறது. அவர்கள் பிள்ளையும் அதே ரயிலில்தான் தொங்குகிறான்.

பெங்களூரிலிருக்கும் தோழர்களே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வாசற் சாணக் குவியலைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அம்மாவிடமும் அக்காவிடமும் உட்கார்ந்து கேளுங்கள்: நம் தெருவில் எத்தனை மாடு, தினம் எத்தனை கூடை, யார் வீட்டில் விறகு? எழுதிக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். அந்தக் கணக்கு கையிலிருந்தால்தான் அதிகாரி முன்னால் நிமிர்ந்து பேசலாம்.

உழைப்பு நம்முடையது. கழிவும் நம்முடையது. அதில் எழும் நெருப்பும் நம்முடையதே!