மண்வாசனைக்குப் பட்டா போட்டது யாருவே?

ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் காதுல பாட்டுதான் நமக்கு. அதனால இந்தப் பதிவு கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

சந்தோஷ் நாராயணன் நம்ம பக்கத்துக் கதைக்கு இசை போட்டா போதும், ஒரு கூட்டம் கிளம்பிரும். 2018-ல 'பரியேறும் பெருமாள்', 2021-ல 'கர்ணன்', 2024-ல 'வாழை'. மூணுக்கும் என் காதுல விழுந்தது ஒரே புலம்பல்: "திருநவேலி படத்துக்கு எதுக்குவே கம்ப்யூட்டர் சத்தம்? மண்வாசனையே இல்லையே!"

அண்ணாச்சிகளா, நீங்க கடைசியா எப்ப அம்மன் கொடைக்குப் போனீங்க? வில்லுப்பாட்டு முடிஞ்சதும் மேடையேறுற மெல்லிசைக் குழுகிட்ட கீபோர்டும் ரிதம் பேடும் இருக்கும். கரண்டுல ஓடுற கருவி ஊருக்குள்ள வந்து ரொம்ப காலம் ஆச்சு. 'புன்னகை மன்னன்'ல ராஜா கம்ப்யூட்டர் வச்சு இசை போட்டது 1986-ல. அட, வில்லுப்பாட்டையே எடுத்துக்கோங்க. வேட்டைக்குப் போற வில்லு, தண்ணி புடிக்கிற மண்குடம். கையில கிடைச்சதுல தாளம் கண்டுபுடிச்ச ஊருவே இது!

அதுவும் போக, 'பரியேறும் பெருமாள்' நாயகன் சட்டக்கல்லூரில படிக்கிற பையன். அவன் கோபத்துக்கு மாட்டுவண்டி காலத்து இசைதான் வேணும்னு அடம்புடிச்சா எப்படி? அதே படத்துல அந்தோணி தாசன் குரல்ல 'எங்கும் புகழ் துவங்க' இருக்கு. 'கர்ணன்'ல கிடாக்குழி மாரியம்மா பாடுன 'கண்டா வரச்சொல்லுங்க' இருக்கு. ரெண்டையும் சேர்த்துதான் மனுஷன் தர்றாரு. பாபநாசத்துல விழுற தண்ணியும் ஸ்ரீவைகுண்டத்துல நிக்கிற தண்ணியும் ஒரே தாமிரபரணிதான். சத்தம் ஒண்ணாவா இருக்கு?

அடுத்து கச்சேரி. 2024 பிப்ரவரி 10, சென்னை நேரு ஸ்டேடியத்துல 'நீயே ஒளி' நடந்துச்சு. இந்த மாதிரி கச்சேரின்னாலே ரெண்டு குறை ரெடியா இருக்கும். ஒண்ணு, "எலக்ட்ரானிக் இசைல என்னய்யா இருக்கு, பட்டன அமுக்குறான்". பட்டன அமுக்குறது வேலையில்லன்னா எனக்கும் சம்பளம் கிடையாதுவே! :-) எந்தப் பட்டன, எந்த நொடியில, எவ்வளவு நேரம்கிறதுதான் வித்தை.

ரெண்டாவது, "எனக்குப் புடிச்ச பாட்டு வரல". 2017 ஜூலை 8, லண்டன் வெம்ப்ளில ரஹ்மான் கச்சேரி. பேரே 'நேற்று இன்று நாளை'. தமிழ்ப்பாட்டு சாஸ்தின்னு இந்தி ரசிகர்கள் சிலபேர் பாதியில எந்திரிச்சுப் போய், காசைத் திருப்பிக் கேட்டாங்க. நம்ம ஆட்கள் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஆனா "நெல்லைன்னா நையாண்டி மேளம் மட்டும்தான்"னு சொல்றதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுமே கலைஞன் கையில ஒரு மெனு கார்டைத் திணிக்கிற வேலைதான்.

குறையே சொல்லக்கூடாதான்னா, தாராளமா சொல்லுங்க. 2023 செப்டம்பர் 10 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரில டிக்கெட் கையில வச்சுக்கிட்டு உள்ள போக முடியாம எத்தனை பேர் திரும்பினாங்க! அந்தக் கோபம் நூத்துக்கு நூறு நியாயம். வாசல், கூட்டம், பாதுகாப்பு இதெல்லாம் காசு குடுத்தவன் கேக்க வேண்டிய கேள்வி. பாட்டு புடிக்கலன்னும் சொல்லலாம். ஆனா ஒரு ஊரு எந்தச் சத்தத்துல பேசணும்னு உத்தரவு போடுறது ரசனைல சேராது.

இப்ப மெயின் மேட்டர். மண்வாசனை மண்வாசனைன்னு குதிக்கிறவங்க நெல்லை தங்கராஜ் பத்தி யோசிச்சிருக்கீங்களா? 'பரியேறும் பெருமாள்'ல பரியனோட அப்பாவா வந்தவரு, நிஜத்துலயும் கூத்துக் கலைஞர். படம் வந்து பேரு வாங்குன பிறகும் பாளையங்கோட்டைல வசதியில்லாத வீட்டுலதான் இருந்தாரு. அது செய்தியா வந்த பிறகுதான் மாவட்ட நிர்வாகம் உதவிக்கு வந்துச்சு. 2023-ல காலமாயிட்டாரு. அவரு ஆடுன ஆட்டத்தைவிட அசலான மண்வாசனை எங்கவே இருக்கு?

கீபோர்டு வந்ததால கூத்து அழியல. ஆடுறவனுக்கும் பாடுறவனுக்கும் ஒழுங்கான சம்பளம் குடுக்காததாலதான் அழியுது. சந்தோஷ் நாராயணனத் திட்டுறதுக்குக் காசு செலவில்ல. அடுத்த கொடைக்கு ஒரு வில்லுப்பாட்டுக் குழுவக் கூப்பிட்டு, பேரம் பேசாம பணம் குடுத்துப் பாருங்க. அப்புறம் வந்து மண்வாசனை பேசலாம்.

டிஸ்கி: உள்குத்து எதுவும் இல்ல, எல்லாமே வெளிக்குத்துதான். கும்மியடிக்க வர்றவங்க வரலாம்.