கோட்டுக்குக் குருதி, ஆற்றுக்கு உப்பு

ஃபுராத்தும் திஜ்லாவும் ஈராக்கின் தென்பகுதியில் குர்னா என்னும் ஊரருகே ஒன்றாகின்றன. ஒன்றான அந்தப் பேராறு சுமார் 200 கிலோமீட்டர் ஓடிப் பாரசீக வளைகுடாவில் கலக்கிறது. அதனை அரபிகள் ஷத்துல் அரப் என்பர். ஈரானியர் அர்வந்த் ரூத் என்பர். ஒரே நீருக்கு இரு பெயர்கள் இருப்பதில் குற்றமில்லை. ஆனால், அதன் கீழ்ப்பகுதி இரண்டு முஸ்லிம் நாடுகளின் எல்லையாக அமைந்தது. அந்த எல்லையின் பெயரால் 1980 முதல் 1988 வரை எட்டாண்டுகள் முஸ்லிமின் குருதியை முஸ்லிமே சிந்தினான்.

இதனைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம்மிடையே சிலர் ஓர் ஆயத்த விடையைக் கையில் வைத்திருக்கின்றனர். “அது ஷியா, சுன்னி சண்டை, அரபிக்கும் அஜமிக்கும் உள்ள பழம்பகை, அதற்கு யார் என்ன செய்ய இயலும்?” என்கின்றனர். இந்த விடையை நாம் வன்மையாக மறுக்கிறோம். வரலாறு அறியாதவர்கள் மட்டுமன்று, குற்றவாளியைத் தப்பவிட விரும்புகிறவர்களும் கூறுகின்ற விடை இது.

உண்மை என்ன? 1847-இல் எர்சுரூம் உடன்படிக்கை செய்துகொண்டபோது, உதுமானிய அரசுக்கும் பாரசீகத்துக்கும் நடுவே அமர்ந்தவர்கள் ஆங்கிலேயரும் ரஷ்யருமே. 1937-இல் ஏற்பட்ட ஒப்பந்தம், ஆபாதான் போன்ற துறைமுகப் பகுதி நீங்கலாக, ஆற்றின் பெரும்பகுதியை ஈரானியக் கரை வரை ஈராக்குக்கே உரியதாக்கியது. 1969-இல் ஈரானின் ஷா அதனை உதறித் தள்ளினார். 1975 மார்ச் 6-ஆம் நாள் அல்ஜியர்ஸில், அல்ஜீரிய அதிபர் பூமெதியன் முன்னிலையில், ஷாவும் சதாம் ஹுசைனும் கைகுலுக்கினர். கப்பல் செல்லும் ஆழமான நீர்த்தடத்தின் நடுக்கோடே இனி எல்லை என்று முடிவாயிற்று. அதற்கு ஈடாக, ஈராக்கிய குர்துகளுக்கு அளித்துவந்த உதவியை ஷா நிறுத்தினார். நம்பியிருந்த குர்துப் போராளிகள் சில வாரங்களில் வீழ்ந்தனர். அவர்களும் முஸ்லிம்களே அல்லரோ? கோட்டை நகர்த்துவதற்கு அவர்கள் விலையாயினர்.

1980 செப்டம்பர் 17-இல், தாம் கையெழுத்திட்ட அதே ஒப்பந்தம் செல்லாது என்றார் சதாம். ஐந்து நாட்களில் அவருடைய படை எல்லை கடந்தது. ஈரானின் புரட்சியால் எழுந்த அச்சமும், அந்நாடு நிலைகுலைந்திருக்கும் வேளையில் பறித்துக்கொள்ளலாம் என்ற பேராசையும் அவரை உந்தின. இதில் மத்ஹபு எங்கே வந்தது? ஈராக்கியக் காலாட்படையினரில் பெரும்பாலோர் ஷியாக்கள். ஈரானின் குஸெஸ்தான் மாநில அரபிகள் சதாமை வரவேற்று எழுவர் என்று எதிர்பார்க்கப்பட்டது, அவர்கள் எழவில்லை. அரபு நாடுகளான சிரியாவும் லிபியாவும் ஈரானின் பக்கம் நின்றன. பழம்பகை என்னும் கதை இந்த உண்மைகளின் முன்னே நில்லாது.

அந்தப் போருக்குச் சதாம் சூட்டிய பெயரோ ‘காதிஸிய்யா’! சஹாபாக்கள் காலத்தில் ஸாஸானியப் பேரரசை எதிர்த்து நடந்த போரின் பெயரை, கிப்லாவை நோக்கித் தொழுகின்ற மக்கள் மீது தொடுத்த போருக்குச் சூட்டத் துணிந்தார். இரு தரப்பும் தத்தம் பிணங்களுக்கு ஷஹீத் என்று பெயரிட்டன. அந்த ஆற்றங்கரையில்தானே பஸரா இருக்கிறது? ஹஸன் பஸரீ (ரஹ்), ராபியா பஸரிய்யா (ரஹ்) ஆகியோரின் பஸரா அது. பாரசீகரான ஸீபவைஹி, அரபியரான கலீலிடம் பாடம் கேட்டு, அரபு இலக்கணத்தின் அடிப்படை நூலை ஆக்கித் தந்ததும் அந்தப் பஸராவில்தான். அஜமி கற்பித்த இலக்கணத்தில் மொழி பயின்றுவிட்டு, அஜமி பிறவிப் பகைவன் என்பது நன்றி கொன்ற செயலன்றோ?

போரின் முடிவு யாது? இலட்சக்கணக்கானோர் மாண்டனர். குர்ரம்ஷஹ்ர் நகரம் இடிபாடாயிற்று. 1988 ஆகஸ்டில் போர் நின்றபோது எல்லை இருந்த இடத்திலேயே இருந்தது. 1990 ஆகஸ்டில், குவைத்தை விழுங்கிய கையோடு, சதாம் 1975-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையே மீண்டும் ஏற்றார்.

கோடு பிழைத்தது, ஆறுதான் பிழைக்கவில்லை. உலகின் மிகப் பெரிய பேரீச்சந் தோப்புகளுள் ஒன்று அதன் கரைகளில் இருந்தது. போர் அதை அழித்தது. எஞ்சியதை உப்பு அழிக்கிறது. துருக்கி ஃபுராத்திலும் திஜ்லாவிலும் அணைகள் கட்டியது; ஈரான் காரூன் ஆற்று நீரைத் தேக்கித் திருப்பியது; ஈராக் தன் சாக்கடையை ஆற்றிலேயே விட்டது. நன்னீர் குறையக் கடல்நீர் மேலேறியது. 2018 கோடையில் பஸராவில் 1 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று மருத்துவமனைகளை நாடினர். இவர்களை வீழ்த்தியது பகைவனின் குண்டன்று, குடிநீர்!

நமக்கு நெறி இல்லாமலா போயிற்று? மதீனாவின் ஓடைநீர் குறித்து வழக்கு வந்தபோது, மேட்டு நிலத்தார் கணுக்கால் அளவு நீரைத் தேக்கிக்கொண்டு, மிகுதியைக் கீழ்நிலத்தாருக்குத் திறந்துவிட வேண்டும் என்று பெருமானார் (ஸல்) தீர்ப்பளித்தார்கள். பிறரிடம் கடன் வாங்க வேண்டாத சட்டம் இது! அணையின் சாவியை வைத்திருக்கும் அங்காரா, தெஹ்ரான், பாக்தாத் ஆகிய மூன்று தலைநகரங்களிலும் பாங்கோசை கேட்கிறது. இந்தத் தீர்ப்பு மட்டும் கேட்கவில்லை. 2019-இல் ஈரானும் ஈராக்கும் ஆற்றைத் தூர்வாரி 1975 ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதாக அறிவித்தன. நன்று. ஆனால், கப்பல் செல்வதற்கு ஆழம் வேண்டும் என்பவர்கள், குழந்தை குடிப்பதற்கு நன்னீர் வேண்டும் என்பதையும் எண்ண வேண்டும்.

நம் பள்ளிவாசல் ஹவ்ளில் நாற்புறமும் அமர்ந்து ஒளுச் செய்கிறோம். நடுவே கோடு கிழித்து, “இப்பக்கத்து நீர் எனது” என எவரும் சொல்வதில்லை. ஒருவர் ஒரு பக்கத்தை அசுத்தமாக்கினால் மறுபக்கத்தவரும் அதிலேயே கைநனைக்க நேரும் என்பதைச் சிறுவனும் அறிவான். இதனை அறியாத ஆட்சியாளர்களுக்காக மார்க்கத்தின் பெயரால் வக்காலத்து வாங்குவதை நாம் முதலில் நிறுத்துவோம். ஆறு இறைவன் தந்த அமானிதம். அதனைப் பற்றிய கேள்வி மஹ்ஷரில் எல்லைக்கோட்டின் இரு புறத்தாருக்கும் உண்டு.